திங்கட்கிழமை மனுவா, பத்து ரூபாய் மனுவா?

பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்து ஏழு மாதமாகியும் கோப்பு அசையவில்லை. முதலில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். செலவில்லை, ஆனால் பாதி நாள் வரிசையிலேயே போய்விடும். மனு கடைசியில் போய்ச் சேர்வதும் நாம் புகார் சொன்ன அதே அலுவலகத்துக்குத்தான்! ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

சரி என்று, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்தேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். ‘ஏன் தாமதம்’ என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். கோப்பு எந்தத் தேதியிலிருந்து யார் மேசையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு மேல்முறையீட்டுக்கு வேலையே வரவில்லை. பதிலுக்கு முன்பே சர்வேயர் டேப்போடு வந்து நின்றார்.