நிக்கல்சன் பெஞ்சும் வழுகுகிற பிடியும்: இரண்டரை வருட அனுபவம்

கொருக்குப்பேட்டை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "உங்க தச்சு பெஞ்ச் மாதிரியே நானும் ஒண்ணு செய்யலாமா?" நேற்றுதான் அதை மறுபடி ரிப்பேர் செய்தேன். அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

எனக்கு முதலில் ஆசை ரூபோ பெஞ்ச் மேல்தான். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தச்சர் ரூபோ வரைந்து வைத்தது. ஐந்தாறு அங்குலக் கனத்தில் மேல்பலகை, அதன் விளிம்போடு சமமாக நிற்கும் கால்கள். அந்தக் கனத்துக்கு மரவாடியில் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பினேன். ஸ்காட்லாந்துக்காரர் பீட்டர் நிக்கல்சன் 1812இல் தன் தச்சுப் புத்தகத்தில் காட்டிய பெஞ்சுக்கு அவ்வளவு மரம் வேண்டாம். மேல்பலகை மெலிசு, முன்பக்கம் தொங்கும் அகலப் பலகைதான் முதுகெலும்பு. தண்டையார்பேட்டையில் வாங்கிய பேக்கிங் பைன் பலகை, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது.

அந்த முன்பலகையை எவ்வளவு சொன்னாலும் தகும். அதில் வரிசையாகத் துளை போட்டு மர முளை செருகியிருக்கிறேன். மழையில் ஊதிப்போன எங்கள் வீட்டு ஆறடித் தேக்குக் கதவை முளைகள் மேல் செங்குத்தாக உட்கார வைத்து, இடது ஓரக் கட்டையில் ஆப்பு வைத்து இறுக்கினேன். இழைப்புளி ஒரே ஓட்டத்தில் போனது. ஆறடிக்கும் அறுபடாமல் சுருள் வந்தது. வைஸ் (திருகி இறுக்கும் பிடி) எதுவும் இல்லாமல்!

ஆனால் இந்த ஹோல்ட்ஃபாஸ்ட். வேலை செய்யும் பலகையைப் பெஞ்சோடு அழுத்திப் பிடிக்க, கொல்லுப்பட்டறையில் முக்கால் அங்குலக் கம்பியை வளைத்துச் செய்த பிடி. மேல்பலகைத் துளைக்குள் தட்டி இறக்கினால் கம்பி சாய்ந்து, மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் முட்டி நிற்பதால்தான் பிடிப்பே. என் மேல்பலகை ஒன்றரை அங்குலம், அதுவும் பைன். அடிக்க அடிக்க விளிம்பு நசுங்கித் துளை நீண்டுவிட்டது. முந்தாநாள் பிடி வழுகி, மூன்று வாரமாகச் செதுக்கிய பலகையை உளி குறுக்கே கீறிவிட்டது. நேற்று ஒவ்வொரு துளைக்கு அடியிலும் இரண்டங்குல வேங்கைக் கட்டை ஒட்டி, மறுபடி துளைத்தேன். இப்போது ஒரே தட்டில் பிடிக்கிறது. சரி, முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

அதனால் நண்பரே, நீங்கள் இதைச் செய்யாதீர்கள். ஆறு மாதம் காசு சேருங்கள். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்தரம் மேல் செங்கல் அடுக்கிய கூரை) இடித்தால் தேக்கு உத்தரக் கட்டைகள் விலைக்கு வரும். நான்கைந்தைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் ரூபோவின் கனம் வந்துவிடும். வாங்கப் போகும்போது எனக்கும் ஒரு போன் போடுங்கள்.