டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு: பழைய விண்வெளித் தொடர்களுக்கு மலிவு யூஎஸ்பி கருவி போதுமா?

வீடியோ கேசட்டுகளில் கல்யாண கேசட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அந்த மற்றதில்தான் தூர்தர்ஷனில் வந்த ஸ்டார் டிரெக்கும், சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடரும் விளம்பரத்தோடு பதிந்து கிடக்கும். அவற்றைக் காப்பாற்ற டெக்கில் ஓடும் படத்தையும் ஒலியையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் யூஎஸ்பி கேப்ச்சர் கருவி தாராளமாகப் போதும். கூடவே வரும் சிடியில் உள்ள சாஃப்ட்வேரை மட்டும் தொடாதீர்கள். வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: 720x576 அளவில், சுருக்காத படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்னோடு, படத்தை இன்னும் தெளிவாகக் கடத்தும் எஸ்-வீடியோ துளையும் இருந்தால் நல்லது. ஏவி ஒயரை ஹெச்டிஎம்ஐ ஆக்கும் குட்டிப் பெட்டிகளை இதற்கு வாங்கவே கூடாது. அவற்றில் பெரும்பாலானவை படத்தை அகலமாக இழுத்து, நொடிக்கு 60 ஃப்ரேம் என்று மாற்றி, பாதி அசைவைத் தொலைத்துவிடும்.

அசைவு ஏன் முக்கியம் என்பதற்கு பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூவின் எழுபதுகளின் எபிசோடுகளைப் பாருங்கள். ஸ்டுடியோ காட்சிகளை வீடியோ கேமராவிலும், வெளிப்புறக் காட்சிகளைப் பெரும்பாலும் 16 மிமீ ஃபிலிமிலும் எடுத்தார்கள். நம் பழைய டிவி முறையான பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு, அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளை எடுத்த பாதிப் படங்கள். வீடியோவில் எடுத்த காட்சியில் அந்த 50 ஃபீல்டும் 50 வெவ்வேறு கணங்கள்; ஃபிலிமில் 25 கணங்கள்தான். கதாநாயகர் கதவைத் திறந்து வெளியே வந்ததும் படத்தின் ஓட்டமே மாறுவது இதனால்தான். கருவியோடு வரும் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் 25 ஃப்ரேமாக அரைத்துவிடும். அதற்குப் பதில் இன்டர்லேஸைக் கலைக்காமல், அதாவது இரண்டு ஃபீல்டும் பின்னிக் கிடக்கும் நிலையிலேயே பதியுங்கள். பதிவதற்கு விர்ச்சுவல்டப் என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். பிறகு ஃபீல்டுகளைப் பிரிக்கும் யாடிஃப் ஃபில்டரை, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு ஃப்ரேமாக்கும் இரட்டிப்பு முறையில் ஓட்டி 50 ஃப்ரேமாக்குங்கள். கியூடிஜிஎம்சி என்ற இன்னொரு ஃபில்டர் இதைவிட அழகாகச் செய்யும், ஆனால் நேரம் தின்னும். கை அசையும் இடத்தில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். கை முன்னே போய்ப் பின்னே வந்தால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது, மாற்றுங்கள்.

பழைய ஸ்டார் டிரெக் முழுக்க ஃபிலிம். 24 ஃப்ரேமில் எடுத்த ஃபிலிம் பால் முறையில் 25-ல் ஓடும்போது 50 நிமிடக் கதை 48 நிமிடத்தில் முடியும், குரலும் கொஞ்சம் சுருதி ஏறிக் கேட்கும். கருவிக்கு இதில் சம்பந்தம் இல்லை.

அடுத்தது இருட்டு. விண்வெளிக் காட்சியில் திரையில் முக்கால்வாசி கருப்பு. நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஓரிரு புள்ளிதான். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்ற பெட்டியை டிக் செய்தால் அது இரைச்சலோடு சேர்த்து நட்சத்திரத்தையும் துடைத்துவிடும். கப்பல் வெறும் கருப்புத் துணிக்கு முன்னால் மிதக்கும். அதை அணைத்து வையுங்கள். பிரைட்னஸையும் நட்சத்திரக் காட்சி ஒன்றை நிறுத்தி வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், முகங்களை வைத்து அல்ல. நிறத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் சாச்சுரேஷனிலும் கை வைக்காதீர்கள். நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 1952-ல் எடுத்த 'காடு' படத்தில் யானைகளுக்கு ரோமம் போர்த்தி மம்மூத் ஆக்கியிருப்பார்கள். அதன் ஆங்கில வடிவம் செபியா நிறத்தில் வந்தது. கருப்பு வெள்ளைதானே என்று நிறத்தைப் பூஜ்ஜியமாக்கினால் அந்தப் பழுப்பே போய்விடும்.

சுருக்காமல் பதிந்தால் மணிக்குச் சுமார் 75 ஜிபி பிடிக்கும். ஹஃப்ஒய்யுவி போன்ற, தரம் குறையாமல் சுருக்கும் கோடெக்கில் ஏறக்குறைய பாதிக்குள் அடங்கும். யூஎஸ்பி ஹப் வேண்டாம், லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரேம் உதிரும். ஒலியையும் இதே கருவி வழியாகவே எடுங்கள். லேப்டாப் மைக் துளையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்றாகிவிடும். கடையில் விற்ற ஒரிஜினல் கேசட்டுகளில் வெளிச்சம் ஏறி இறங்குவது காப்பித் தடுப்பின் வேலை. அந்தப் படங்களுக்கு டிஸ்க் வாங்குவதே வழி.

கருவியைவிடப் பெரிய எதிரி ஈரம். ஏற்காட்டு வீடுகளில் கிடந்த கேசட் என்றால் முதலில் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூசணம். அதை டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் தொற்றும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் வைத்துக் காய விட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு அடியில் உள்ள ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றிச் சுருளின் ஓரத்தைத் துடையுங்கள். சுத்தம் செய்த கேசட்டையும் நல்ல டெக்கில் போடாமல், போனால் போகட்டும் என்று வைத்திருக்கும் பழைய டெக்கில் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஹெட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நார் உதிராத துணி. துணியை அசையாமல் பிடித்து, ஹெட் பொருத்திய உருளையான டிரம்மைத்தான் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடையும்.

படம் கெட்டே போயிருந்தாலும் ஒலி கேட்கும் பகுதியைப் பதியுங்கள். பிபிசி அழித்துவிட்ட டாக்டர் ஹூ எபிசோடுகளின் ஒலி இன்று கிடைப்பது, ரசிகர்கள் வீட்டில் டிவியிலிருந்து பதிந்து வைத்ததால்தான். அந்தத் தொடரின் கதைகளை நாவலாக்கி 1973-ல் வெளிவரத் தொடங்கிய டார்கெட் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒலியைக் கேட்டால், படம் இல்லாத இடத்தில் கதை கைகொடுக்கும்.

இத்தனையும் முடியாது, கடையில் கொடுத்து மாற்றிக்கொள்கிறேன் என்றால் டிவிடி வேண்டாம், 50 ஃப்ரேம் ஃபைலாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். முழுக் கேசட்டுக்கும் பணம் கட்டும் முன், இருட்டுக் காட்சி உள்ள ஐந்து நிமிடத்தை மாதிரிக்கு மாற்றித் தரச் சொல்லி வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள்.