பள்ளி மின்னணு மன்றத்துக்கு மைக்ரோபிட் வி2 சரிவருமா?

மைக்ரோபிட் என்பது பிள்ளைகள் நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை. சாலிடரிங் (ஈயம் உருக்கி ஒட்டும்) வேலையே இல்லாமல் முதல் நாளிலேயே விளக்கு எரிய வைக்கலாம். மன்றத்துக்கு இந்தப் பலகையை வாங்க அது ஒன்றே போதுமான காரணம். 25 எல்இடி, இரண்டு பட்டன்கள், முடுக்கமானி (அசைவை உணரும் உணரி), திசைகாட்டி ஆகியவற்றோடு வி2 பதிப்பில் ஒலிவாங்கியும் ஸ்பீக்கரும் பலகையிலேயே உண்டு. பழைய வி1-இல் கடைசி இரண்டும் கிடையாது. இரவல் பலகை வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு பலகை சரியான கணக்கு. மூன்றாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார்.

கணினியில் பலகை தெரியவில்லையா? பெரும்பாலும் குற்றவாளி யூஎஸ்பி கேபிள்தான்: சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு கடத்தாது. நல்ல கேபிள்களில் வண்ண டேப் ஒட்டி வையுங்கள். 'மைக்ரோபிட்' என்பதற்குப் பதில் 'மெயின்டனன்ஸ்' என்ற டிரைவ் வந்தால், ரீசெட் பட்டனை அழுத்தியபடி செருகியிருக்கிறார்கள் என்று பொருள். கழற்றி மறுபடி செருகினால் போதும்.

பலகைகள் கம்பியில்லாமல் செய்தி பரிமாறும் ரேடியோ வசதிதான் பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் எல்லாரும் குழு எண் 1 என்று வைத்தால் ஒருவர் செய்தி எல்லார் பலகையிலும் கொட்டும். 0 முதல் 255 வரை எண்கள் இருக்கின்றன. ஜோடிக்கு ஒன்று எனப் பிரித்துக் கொடுங்கள்.

பலகையின் விளிம்புத் துளைகளில் கம்பியை இணைக்கும் முதலைக் கிளிப்பைச் (பல் வைத்த கவ்வி) சாய்வாக மாட்டினால் பக்கத்து மெல்லிய பின்களையும் தொட்டுவிடும். செங்குத்தாக, துளைக்குள் கவ்வ வேண்டும்.

பெரிய குறை மோட்டார்தான். சர்வோவை (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) பலகையின் 3 வோல்ட் முனையிலேயே இணைத்தால் மின்னழுத்தம் சரிந்து பலகை திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். தனி பேட்டரி கொடுத்து, பேட்டரி, பலகை இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) இணைப்பது கட்டாயம். ரோபோ மட்டுமே இலக்கு என்றால், மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து இயக்கும் மோட்டார் டிரைவர் பலகைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.