மின்சார ஸ்மோக்கருக்கு ஒரு பெல்லட் குழாய்

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இறைச்சியைப் புகையூட்டிச் சமைப்பவர்கள் மின்சார ஸ்மோக்கரை, அதாவது மின்சுருளால் சூடாகும் புகையூட்டுப் பெட்டியை, பற்றிச் சொல்லும் குறை ஒன்றுதான்: வெப்பம் சீராக நிற்கிறது, அருகிலேயே காவல் இருக்க வேண்டியதில்லை, ஆனால் கறியில் புகைமணம் ஏறுவதில்லை. என்னிடம் உள்ள 800 வாட் பெட்டியிலும் இரண்டு ஆண்டுகளாக இதே நிலைதான் இருந்தது. பன்றித் தோள்கறியைப் பத்து மணி நேரம் வைத்து எடுத்தாலும், ஓவனில் வெந்த கறிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இந்தக் கோடையில் 12 அங்குல நீளமுள்ள, துளையிட்ட துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

குறையின் வேர் பெட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. மரச்சீவல் தட்டு சூடேற்றும் சுருளுக்கு அருகில் இருப்பதால், சுருள் காய்ந்து சூடாகும்போது மட்டுமே சீவல் கருகிப் புகை விடும். பெட்டி 225 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியதும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் சுருளை அணைத்துவிடுகிறது. சுவர்கள் வெப்பத்தை நன்கு காக்கக் காக்க, சுருள் மீண்டும் எரிய வேண்டிய தேவையும் குறைகிறது, அதனோடு புகையும் குறைகிறது. ஆகவே நல்ல பெட்டியே குறைந்த புகையைத் தருகிறது. சமைப்பதையும் புகையூட்டுவதையும் ஒரே சுருளிடம் ஒப்படைத்திருக்கும் வரை, சீவலை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

குழாய் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுகிறது. அதில் மர பெல்லட்டுகளை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை) நிரப்பி, ஒரு முனையில் புரொப்பேன் டார்ச்சால் தீ மூட்டி, பத்து நிமிடம் நன்றாக எரியவிட்டு, பிறகு சுவாலையை ஊதி அணைக்க வேண்டும். உள்ளே பிடித்த கங்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்ந்து, சுருள் எரிந்தாலும் அணைந்தாலும் மூன்று முதல் நான்கு மணி நேரம் தொடர்ந்து புகை தருகிறது.

முதல் முயற்சி தோல்வியில்தான் முடிந்தது. அரை மணி நேரத்துக்குள் கங்கு அணைந்துவிட்டது. மின்சாரப் பெட்டியில் நெருப்பே இல்லாததால் காற்றோட்டத்துக்கும் பெரிய இடம் வைக்கப்படவில்லை. கங்கோ காற்றில்லாமல் உயிரோடு இருக்காது. பெட்டியின் மேலே புகை வெளியேறும் மேல்வாயை முழுவதுமாகத் திறந்து, பக்கவாட்டில் சீவல் போடும் குழலை இரண்டு அங்குலம் வெளியே இழுத்து வைத்த பிறகு கங்கு நின்றது. ஈரக்காற்றை உறிஞ்சிய பெல்லட்டும் அணைந்துவிடும் என்பதால், மூட்டுவதற்கு முன் குறைந்த சூட்டில் ஓவனில் சிறிது நேரம் உலர்த்திக்கொள்வது நல்லது. கொழுப்பு சொட்டும் இடத்தில் குழாயை வைக்கவே கூடாது.

காற்று கங்குக்கு மட்டுமல்ல, சுவைக்கும் வேண்டும். மூச்சுத் திணறி எழும் தடித்த வெண்புகை கறியில் கசப்பாகப் படிந்து நாக்கை மரக்கச் செய்யும். மேல்வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் செல்லும் மெல்லிய நீலப்புகையே நாம் தேடுவது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதையும்போது உண்டாகும் குவையகோல், சிரிங்கோல் ஆகிய சேர்மங்களே நாம் புகைமணம் என்று உணர்வதில் பெரும்பங்கு வகிப்பவை. சீவலை நீரில் ஊறவைக்கும் பழக்கத்தையும் இதோடு கைவிட்டேன். ஈர விறகை ஊதிக் கண் கலங்கியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை: நீர் முழுவதும் ஆவியாகும் வரை வருவது நீராவியே.

பெல்லட் வாங்கும்போது பையின் பின்புறத்தைப் படிப்பது அவசியம். வீட்டைச் சூடேற்ற விற்கப்படும் பெல்லட்டில் பைன் போன்ற மென்மரம் கலந்திருக்கலாம்; அது உணவுக்கு ஆகாது. சமையலுக்கானவற்றிலும் ஹிக்கரி (புகையூட்டப் பயன்படும் ஒரு வன்மரம்) என்று பெரிதாக எழுதிவிட்டு, பெரும்பகுதி ஓக் சேர்ப்பது உண்டு. தோள்கறிக்கு முழு ஹிக்கரியும், கோழித்தொடைக்கு ஆப்பிள் மரமும் எனக்கு நிறைவளித்தன. கறியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன், குளிர்ச்சி மாறாமல் உள்ளே வைப்பதும் உதவுகிறது. குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில் புகை அதிகம் படிகிறது.

புகையூட்டிய கறியை வெட்டினால் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தை மட்டும் இந்தக் குழாய் பெரிதாகத் தரவில்லை. விறகு சுவாலையாக எரியும்போது கூடுதலாக உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மையோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வருவது அந்த வளையம். அதற்குச் சுவை கிடையாது என்பதால் எனக்கு அது இழப்பாகத் தோன்றவில்லை.

இதைவிட நுட்பமான வழியும் உண்டு. இரும்பு அஞ்சல்பெட்டி ஒன்றில் குழாயை வைத்து, அலுமினியக் குழல் வழியாகப் புகையை ஸ்மோக்கருக்குள் செலுத்துகிறார்கள். புகை வழியிலேயே குளிர்ந்து, அதிலுள்ள தார் குழலில் படிந்துவிடுகிறது. பாலாடைக்கட்டிக்குப் புகையூட்ட விரும்புபவர்களுக்கு அதுவே ஏற்றது. கறி மட்டும் சமைப்பவர்களுக்கு 12 அங்குலக் குழாயே போதும். 6 அங்குலக் குழாய் பாதி நேரத்திலேயே தீர்ந்துவிடுவதால் தோள்கறிக்குப் போதாது. எதை வாங்கினாலும் கராஜுக்குள் மூட்ட வேண்டாம். கங்கு கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அணைந்ததுபோல் தோன்றும் சாம்பலையும் மறுநாள் காலை வரை கொட்ட வேண்டாம்.