மரமா, மெனோராவா, ரெண்டுமா? யூதப் பிள்ளைகளோட டிசம்பர்

என் மனைவி யூதர். நாங்க இருக்கிறது நியூ ஜெர்சியில, பொண்ணு ஒண்ணு பையன் ஒண்ணு, ரெண்டு பேரையும் யூதப் பிள்ளைகளாத்தான் வளர்க்கணும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணியாச்சு. ஆனா நவம்பர் கடைசியில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்ச மறுநாள்லேர்ந்து கடை, தெரு, ஸ்கூல், டிவி எல்லாம் கிறிஸ்துமஸ்தான், எதிர்வீட்டு லைட்டையே பார்த்துக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கிற அஞ்சு வயசுப் பொண்ணுகிட்ட "அது நம்ம பண்டிகை இல்லம்மா"ன்னு சொல்லும்போது தொண்டை அடைக்குது.

இதைச் சமாளிக்க முதல் வழி, கிறிஸ்துமஸ் பக்கமே போகாம இருக்கிறது. எங்க நியூ ஜெர்சியில லேக்வுட், நியூயார்க் புரூக்ளின்ல பரோ பார்க் மாதிரி, மதக் கட்டுப்பாடுகளை அப்படியே கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் நெருக்கமா வாழற இடங்கள்ல இது நல்லாவே நடக்குது, ஏன்னா அங்க தெருவும் அவங்களோடது ஸ்கூலும் அவங்களோடது, பசங்களுக்கு எதையோ இழந்த நினைப்பே வராது. எங்கள மாதிரி பப்ளிக் ஸ்கூல், எல்லாரும் கலந்து இருக்கிற தெருன்னு வாழறவங்க இதைச் செஞ்சா பிள்ளை கையில மிஞ்சறது வெறும் "கூடாது" மட்டும்தான், அதை மட்டுமே கேட்டு வளர்ந்தா சொந்த மதம் மேலயே கசந்து போயிடுமோன்னு எனக்குப் பயம்.

ரெண்டாவது, மரமும் வச்சு மெனோராவும் ஏத்தறது. மெனோரான்னா டிசம்பர் வாக்குல வர்ற ஹனுக்காங்கிற யூதப் பண்டிகைக்கு எட்டு ராத்திரி ஏத்தற கிளை விளக்கு. இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல, 1895 டிசம்பர்ல வியன்னாவுல பசங்களுக்காக கிறிஸ்துமஸ் மரத்துல விளக்கேத்திக்கிட்டு இருந்தப்போ தலைமை ரபி, அதாவது யூத மதகுரு, வந்து நின்னாருன்னு யூதர்களுக்குத் தனி நாடு கேட்டு இயக்கம் நடத்தின தியோடர் ஹெர்ஸலே டைரியில எழுதியிருக்கார். பியூ ரிசர்ச்ங்கிற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2013ல எடுத்த சர்வேல அமெரிக்க யூதர்கள்ல 32 சதவீதம் பேர் வீட்ல மரம் வச்சதா சொல்லியிருக்காங்க. கிறிஸ்தவ தாத்தா பாட்டி மனசு நோகக் கூடாதுன்னு வைக்கிறவங்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா ரெண்டையும் ஒரே ஹால்ல வச்சுப் பாருங்க. 2024ல டிசம்பர் 25 சாயங்காலம்தான் ஹனுக்கா முதல் ராத்திரி. ஒரு பக்கம் ஆறடி மரம், அது கூட நாடே சேர்ந்து பாடுற பாட்டு, இந்தப் பக்கம் ரெண்டே ரெண்டு மெழுகுவர்த்தி, அன்னைக்குரியது ஒண்ணு, அதைக் கொளுத்தறதுக்கு ஒண்ணு. பிள்ளை கண்ணு எங்க போகும்?

அதனாலதான் நிறைய பேர் மூணாவதுக்குப் போறாங்க, ஹனுக்காவையே பெருசாக்கிடறது, எட்டு ராத்திரி எட்டு கிஃப்ட், வீடு முழுக்க நீல லைட்டு. நாங்களும் ரெண்டு வருஷம் பண்ணோம். நாலாவது ராத்திரியே பையன் விளக்கைப் பார்க்காம கிஃப்ட் பேப்பரைக் கிழிச்சுக்கிட்டு இருந்தான், என் மனைவி ஓரமா உட்கார்ந்து அழுதா. ஹனுக்கா, யூத வேதத்தோட முதல் அஞ்சு புத்தகமான தோராவுலயே இல்லாத சின்னப் பண்டிகை, அன்னைக்கு வேலைக்குப் போகக் கூடாதுன்னுகூட கிடையாது. கிரேக்கக் கலாச்சாரத்துல கரைஞ்சு போக மாட்டோம்னு மக்கபேயர்ங்கிற யூத வீரர்கள் நின்ன கதையைச் சொல்ற பண்டிகையை கிறிஸ்துமஸ் மாதிரியே ஆக்கறது எங்களுக்கு மனசு ஒப்பல. இப்ப எட்டு ராத்திரிக்கும் சேர்த்து 44 மெழுகுவர்த்தி இருக்கிற ஒரு டப்பா, அவ்வளவுதான். வலது பக்கத்துலேர்ந்து வைக்கணும், கொளுத்தறது இடது பக்கத்துலேர்ந்து, புதுசா வச்சதுதான் முதல்ல. கீழ விரிச்ச அலுமினியம் ஃபாயில்ல சொட்டின மெழுகை பொண்ணு நகத்தால சுரண்டி உருண்டை பிடிப்பா. மெனோராவை ஜன்னல்லதான் வைப்போம். 1993ல மொன்டானாவுல பில்லிங்ஸ் ஊர்ல ஒரு யூதப் பையன் ரூம் ஜன்னல்ல மெனோரா இருந்ததுக்காக எவனோ கல்லெறிஞ்சான், உடனே அந்த ஊர் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆயிரக்கணக்குல தங்களோட ஜன்னல்ல மெனோரா படம் ஒட்டினாங்க. இந்தக் கதையை எங்க பசங்களுக்கு வருஷா வருஷம் சொல்றோம்.

நாலாவதுதான் எங்க வழி, டிசம்பர்ல போட்டி போடாம மத்த பதினொரு மாசத்தை நிரப்பறது. இதுல உழைப்பு ஜாஸ்தி, அதை மறைக்க விரும்பல. வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷப்பாத்ங்கிற ஓய்வுநாள் விளக்கு, ஹலா ரொட்டி, போன் கிடையாது. பெசாக், அதாவது பஸ்கா பண்டிகையோட செடர்ங்கிற விருந்துல சாப்பாட்டுக்கு முன்னாடி கேள்வி கேட்க வேண்டியதே வீட்டுக் கடைக்குட்டிதான், எங்க பையன் ஒரு மாசம் முன்னாடியே மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சுடுவான். பூரிம் பண்டிகைக்கு வேஷம் போட்டு, எஸ்தர் கதையில வில்லன் ஆமான் பேர் வரும்போதெல்லாம் கிலுகிலுப்பையை ஆட்டி சத்தம் போடறாங்க, அதனால ஹாலோவீன் எங்க வீட்ல பெரிய பிரச்சினையே ஆகல, போயிட்டு வாங்கன்னு விட்டுடறோம். ஸ்கூல்ல யூதர்களோட புனிதமான நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்னைக்கே டெஸ்ட் வைக்கிறாங்க, லெட்டர் எழுதி எழுதிக் கேட்க வேண்டியிருக்கு, அது ஒரு வேதனை.

எல்லாத்துக்கும் மேல சுக்கோத், நம்ம பைபிள்ல கூடாரப் பண்டிகைன்னு வருமே அது. கொல்லையில சுக்கான்னு ஒரு பந்தல், கூரை இலைதழையா இருக்கணும், ராத்திரி நட்சத்திரம் தெரியற அளவு இடைவெளி விடணும், அதுக்குள்ளதான் சாப்பாடு. எங்க ஊர் கீத்துப் பந்தல் ஞாபகத்துல எனக்கே அது அவ்வளவு பிடிக்கும். எதிர்வீட்டுப் பசங்க அதுக்குள்ள வந்து எங்களோட சாப்பிடறாங்க, டிசம்பர்ல எங்க பசங்க அவங்க வீட்டுக்குப் போய் மரத்துல நட்சத்திரம் மாட்டிட்டு, இருட்டறதுக்குள்ள மெனோரா ஏத்த ஓடி வந்துடறாங்க, அவங்க மரத்தை நம்ம வீட்டுக்கும் வேணும்னு இப்பல்லாம் யாரும் கேக்கறதில்ல. இந்த வருஷம் சுக்கா கூரைக்கு மூங்கில் போதாதாம், சோளத்தட்டையும் வேணும்னு பொண்ணு இப்பவே லிஸ்ட் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா.