இல்லாத மதிப்பு: ஜாவாவின் ஆப்ஷனலா, கோட்லினின் கேள்விக்குறியா?

எங்கள் குழுவின் சர்வர் கோடை ஜாவா என்ற நிரல்மொழியிலிருந்து கோட்லின் என்ற நிரல்மொழிக்கு மாற்றி வருகிறோம். மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று காட்டும் பழைய ஜாவா ஆப்ஷனல்களை அப்படியே விட்டுவிடலாமா என்ற கேள்வி எழுந்தபோது, வேண்டாம் என்றே சொன்னேன்.

'மதிப்பே இல்லை' என்பதைக் குறிக்கும் நல் (null) தரும் தொல்லை நிரல் எழுதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1965-இல் அதை அல்கால் டபிள்யூ என்ற நிரல்மொழியில் சேர்த்த கணினி அறிஞர் டோனி ஹோரே 2009-இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றார். 2014-இல் வந்த ஜாவா 8, மதிப்பை உள்ளே வைக்கவோ காலியாக விடவோ கூடிய ஆப்ஷனல் என்ற உறையைத் தந்தது. கோட்லினில் டைப்பின் (மதிப்பின் வகை) பெயரோடு ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், அது நல்லாகவும் (null) இருக்கலாம் என்று பொருள். எழுதச் சுருக்கம் எது என்பதில் சண்டைக்கே இடமில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது பராமரிப்புதான். ரசீது அனுப்பும் ஃபங்ஷன் ஒன்று மின்னஞ்சல் முகவரியைக் கட்டாயமாகக் கேட்கிறது. பிறகு, மொபைல் எண் இருந்தாலே போதும் என்று விதி மாறுகிறது. கோட்லினில் அந்தப் பேராமீட்டரின் (ஃபங்ஷன் பெறும் மதிப்பு) டைப்பை ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) என்பதிலிருந்து 'ஸ்ட்ரிங்?' என்று மாற்றுவேன். அதை அழைக்கும் எந்த இடத்தையும் தொட வேண்டாம். ஸ்ட்ரிங் கேட்கும் இடத்தில் 'ஸ்ட்ரிங்?' செல்லாது, ஆனால் 'ஸ்ட்ரிங்?' கேட்கும் இடத்தில் ஸ்ட்ரிங் செல்லும். ஃபங்ஷனின் உள்ளே, நல் வந்தால் உடையும் வரிகளை மட்டும், கோடை இயக்கும் முன் சோதித்து மொழிமாற்றும் கம்பைலர் பிடித்துக் காட்டும். ஜாவாவிலோ ஆப்ஷனலும் ஸ்ட்ரிங்கும் உறவே இல்லாத இரண்டு டைப்புகள். அழைக்கும் இடமெல்லாம் உறை போட்டாக வேண்டும். திரும்பி வரும் மதிப்பு 'இருக்கலாம்' என்பதிலிருந்து 'கட்டாயம் இருக்கும்' என்று ஆனாலும் இதே கதைதான்: கோட்லினில் தேவையற்ற சோதனை என்ற எச்சரிக்கையோடு போகும், ஜாவாவில் கம்பைலே ஆகாது. போதாததற்கு, ஆப்ஷனல் டைப்பில் உள்ள மாறியின் (variable) மதிப்பே 'நல்' ஆக இருப்பதையும் ஜாவா கம்பைலர் தடுப்பதில்லை.

ஆப்ஷனலுக்கு ஒரு வலு உண்டு. உறைக்குள் உறை போடலாம். 'இன்னும் தேடவில்லை', 'தேடியும் கிடைக்கவில்லை' என்று கேஷில் (தேடிய முடிவுகளைச் சேமிக்கும் இடம்) பிரித்து வைக்க அது உதவும். இரண்டு கேள்விக்குறி போட்டாலும் கோட்லினில் அது ஒன்றாகவே சுருங்கிவிடும். அங்கே நான், இருக்கக்கூடிய நிலைகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு வரையறுக்கும் சீல்டு கிளாஸ் எழுதுகிறேன். ரஸ்ட் என்ற நிரல்மொழியின் ஆப்ஷனும் இப்படி அடுக்கக்கூடியதுதான், ஆனால் அதில் சிறு கருவிகள் மட்டுமே எழுதியவன் என்பதால் பெரிய கோடில் அதன் பராமரிப்பு எப்படி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கோட்லினின் உண்மையான ஓட்டை ஜாவா லைப்ரரிகளின் எல்லையில் இருக்கிறது. நல் வருமா வராதா என்று சொல்லும் அனோட்டேஷன் (கோடில் இடும் குறிப்பு) இல்லாத ஜாவா மெத்தடிலிருந்து வரும் மதிப்பைக் கம்பைலர் சோதிக்காமல் விட்டுவிடும். அந்த எல்லையில் டைப்பை நாமே கேள்விக்குறியோடு எழுதிவிட வேண்டும். ஜாவாவிலேயே தொடர்பவர்கள் ஆப்ஷனலை ரிட்டர்ன் டைப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது சீரியலைசபிள் (சேமிக்கவோ அனுப்பவோ பைட்டுகளாக மாற்றக்கூடியது) அல்ல, கிளாஸின் ஃபீல்டுகளில் வேண்டாம்.