சிந்துதுர்க் கோட்டைக்குப் போகிறவர்களுக்கு: மால்வண் ‘ஸ்கூபா பேக்கேஜ்’ பற்றி ஓர் எச்சரிக்கை

மகாராஷ்டிரத்தின் மால்வண் படகுத்துறையில் ‘கோட்டை, ஸ்கூபா, டால்பின் எல்லாம் ஒரே ரேட்’ என்று யாராவது வந்து நின்றால், முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். எங்கள் குழுவிடம் ஒரு தரகர் பேசியது 40 நிமிட ஸ்கூபா, அதாவது சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பது. தண்ணீருக்குள் கிடைத்தது ஆளுக்கு ஆறேழு நிமிடம். படகில் முறைக்காகக் காத்திருந்ததையும் சேர்த்துத்தான் 40 என்று பிறகு சொன்னார்கள். முதுகில் சிலிண்டர் கிடையாது. படகில் இருந்த சிலிண்டரிலிருந்து நீளக் குழாய் ஒன்று வந்தது, அவ்வளவுதான். ஒருவர் தோளைப் பிடித்துக் கீழே அழுத்த, ரொட்டித் துண்டுக்கு மீன்கள் கூட, வீடியோ எடுத்தார்கள். அந்த வீடியோவுக்குக் கரையில் தனிக் காசு கேட்டார்கள்.

காசு போனதைக்கூட விட்டுவிடலாம். இறங்குமுன் உடல்நிலை பற்றி யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதை விட முடியாது. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. சளி பிடித்திருந்தாலும் வேண்டாம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும். ஆனால் காது அதிகம் திணறுவது முதல் சில மீட்டரிலேயே. மூக்கைப் பொத்தி மெல்ல ஊதிச் சமன்செய்வதை வலி தொடங்குமுன்பே செய்ய வேண்டும். வலித்தால் மேலே ஏறுங்கள். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. அடக்கியபடி மேலே வந்தால், ஆழம் குறைவாக இருந்தாலும் நுரையீரல் கிழியலாம். இதைக் கரையிலேயே சொல்லிக்கொடுத்து, இடுப்பளவு தண்ணீரில் பழக்கிவிட்டு, அப்புறம் இறக்குபவரிடம் மட்டும் போங்கள். பயிற்சியாளரின் சான்றிதழ் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கடலில் இறக்கச் சம்மதிக்காதீர்கள். தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், வீடியோ சேர்த்தா, கடல் கலங்கியிருந்தால் பணம் திரும்புமா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இந்தப் பேக்கேஜில் இன்னொரு நஷ்டம், கோட்டைக்கு அரை மணிதான் மிஞ்சியது. 1664-இல் சிவாஜி தொடங்கிய, சுமார் 48 ஏக்கர் கடற்கோட்டை அது. 2025-இல் நம் செஞ்சியோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வெளியிலிருந்து கண்ணுக்குப் படாத வளைவில் ஒளிந்திருக்கும் வாசல், உப்புக்கடல் நடுவே நல்ல தண்ணீர் ஊறும் மூன்று கிணறுகள், சிவாஜிக்கு எழுப்பிய கோயில் இவற்றோடு மதில்மேலும் நடக்க அரை மணி எங்கே போதும்? கோட்டைப் படகுக்குத் தனியாக டிக்கெட் எடுங்கள். திரும்பும் நேரத்தைப் படகுக்காரரிடம் ஏறுமுன்பே பேசிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகள் பூட்டுகின்றனவா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவிலேயே வேண்டும். பெரியவர்களுடையது தலைவழியாகக் கழன்றுவிடும். மழைக்காலத்தில் படகு ஓடாது.

கோவா விமான நிலையம் பக்கம் என்று காலையில் ஸ்கூபா, மாலையில் விமானம் எனத் திட்டம் போடாதீர்கள். ஒருமுறை இறங்கியிருந்தாலும் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஏமாற்றப்பட்டால் ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.